ஓண விடுமுறைக்கு வரும் உறவுகளும் திங்கட்கிழமை வரும் பள்ளி வேனும்: எல்லையோர வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

செங்கோட்டை, புளியரை, பண்பொழிப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலும் ஒரு வீடு உண்டு. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும் வரை செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்ததால், புனலூருக்கும் கொல்லத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் பெண் கொடுத்ததும் எடுத்ததும் ஒரே நாட்டுக்குள் நடந்த சம்பந்தங்களாகவே இருந்தன. எல்லைக் கோடு மாறிய பிறகும் அத்தையும் சித்தியும் மாறவில்லை; அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டி வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

சிக்கல், இரண்டு பக்கமும் விடுமுறை ஒன்றாக இல்லாததில் தொடங்குகிறது. கேரளத்தில் ஓணத்துக்காகப் பள்ளிகளுக்குப் பத்து நாள் அளவில் விடுமுறை. இங்கே அதே நாள்களில் பிள்ளைகள் காலாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். திருவோணம் 2024இல் செப்டம்பர் 15 ஞாயிறு, 2025இல் செப்டம்பர் 5 வெள்ளி, 2026இல் ஆகஸ்ட் 26 புதன் என்று நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒரு வருடம் சரியாக அமைந்த ஏற்பாடு அடுத்த வருடம் உதவாது. பொங்கலில் இந்தத் தொல்லை குறைவு. திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டை, இடுக்கி, பாலக்காடு, வயநாடு ஆகிய ஆறு மாவட்டங்களுக்குப் பொங்கலுக்கு அங்கேயும் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டி, வருவோருக்கு விடுமுறையாகவும் வரவேற்போருக்கு வேலை நாளாகவும் இருக்கும் அந்த ஓண வாரத்தைப் பற்றியது.

முதலில் தீர்மானிக்க வேண்டியது கடைசி நாள்

விருந்தினர் எப்போது வருகிறார்கள் என்பதிலிருந்து திட்டமிடத் தொடங்குவதுதான் வழக்கம். நான் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்து, ஒவ்வொரு முறையும் ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு அண்டா கழுவிக்கொண்டிருந்தேன். இப்போது, பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாவுடன் வேன் ஏறும் திங்கட்கிழமை காலையை முதலில் நாள்காட்டியில் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுகிறேன். திங்கள் வழக்கம்போல் இருக்க வேண்டுமானால் ஞாயிறு முழுவதும் வீட்டார் மட்டும் இருக்க வேண்டும். ஞாயிறு அப்படி இருக்க வேண்டுமானால் விருந்தினர் சனிக்கிழமை மதியத்துக்குள் புறப்பட வேண்டும். சனிக்கிழமை புறப்பட வேண்டுமானால் கொடுத்தனுப்பும் பலகாரம் வியாழக்கிழமையே முடிந்திருக்க வேண்டும். இப்படி எண்ணி வந்தால், வருகை நாள் எதுவாக இருந்தாலும் சமாளிக்கலாம்.

பெரும்பாலும் உத்திராடமும் திருவோணமும் அவரவர் வீட்டில் முடிந்து, மூன்றாம் ஓணமாகிய அவிட்டத்தன்றோ நான்காம் ஓணமாகிய சதயத்தன்றோதான் மலை தாண்டுவார்கள். "எப்போது கிளம்புகிறீர்கள்?" என்று நம் ஊரில் யாரையும் கேட்க முடியாது, கேட்டால் அந்தப் பேச்சு இரண்டு தலைமுறைக்கு நிற்கும். அதற்கு நாகரிகமான வழி, வரும்போதே திரும்பும் பயணச்சீட்டையும் எடுத்துவைக்கச் சொல்வதுதான். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது என்பதால், "இப்போதே போடாவிட்டால் கிடைக்காது, அத்தை, இரண்டையும் சேர்த்து நானே போட்டுவிடட்டுமா?" என்று ஆடி மாதத்திலேயே கேட்டால் அது அக்கறையாகவே கேட்கும்.

சீட்டு எடுக்கும்போது நேரத்தையும் பாருங்கள். பாலருவி விரைவு வண்டி மலையை இரவில் கடக்கிறது. முதியவர்களை நடு இரவில் எழுப்பி நடைமேடைக்கு அழைத்துப்போனால் அந்தக் களைப்பு தீர இரண்டு நாள் ஆகும். குருவாயூர்–மதுரை வண்டி பகலில் வருவதால் அவர்களுக்கு அதுவே நல்லது. பிள்ளைகளுக்கும் கழுதுருட்டிப் பக்கத்துப் பதிமூன்று கண் பாலத்தையும் குகைகளையும் காட்டலாம். அகலப்பாதைப் பணிக்காக 2010இல் மூடப்பட்ட செங்கோட்டை–புனலூர் பாதை 2018இல் மறுபடி திறக்கும் வரை இந்த வசதி இல்லாமல் நாம் பட்ட பாட்டை மறந்துவிட முடியாது. காரில் வருபவர்களிடம், புளியரை எஸ் வளைவில் சரக்கு லாரிகள் வரிசை கட்டும் இரவு வேளையைத் தவிர்க்கச் சொல்லுங்கள். வளைவுகளில் தலைசுற்றும் பிள்ளைகளுக்கு வெறும் வயிறும் ஆகாது, வயிறு நிறைந்த புட்டும் ஆகாது. இரண்டு இட்லி, கையில் ஓர் எலுமிச்சம்பழம், முன்பக்க இருக்கை என்ற பழைய முறையே இன்றும் பயன்படுகிறது.

பத்து நாள்களுக்கு முன்: சந்தையும் தண்ணீரும்

ஓணம் நெருங்க நெருங்கப் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி கேரளத்துக்கு லாரி லாரியாகப் போகும்; விளைகிற ஊரிலேயே விலை ஏறிவிடும். எனவே ஓண நாள்கள் தொடங்கும் அத்தத்துக்கு முன்பே, கெடாத காய்களை வாங்கிவிட வேண்டும். வெட்டாத பூசணி, தடியங்காய், சேனை, சேம்பு, சின்ன வெங்காயம், தேங்காய் ஆகியவை காற்றோட்டமான மூலையில் இரண்டு வாரம் தாங்கும். வெண்டை, கத்தரி, முருங்கை, கீரை ஆகியவற்றைத் திருவோணம் கழிந்த பிறகு இரண்டு நாளுக்கு ஒரு முறை வாங்கினால் போதும். அதற்குள் விலையும் இறங்கிவிடும்.

தண்ணீர்க் கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று சிக்கனமாக வைத்தாலும், நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஏழு பேர் வந்து சேர்ந்தால் 1,100 லிட்டர் ஆகிறது. மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு நாளைக்குக்கூட வராது. நகராட்சிக் குழாயில் தண்ணீர் விடும் நாள்களைக் குறித்துக்கொண்டு, துணி துவைப்பதையும் தலைமுழுக்கையும் அந்த நாள்களுக்கு ஒதுக்குங்கள். அதேபோல 14.2 கிலோ எரிவாயு உருளையில் ஒன்று நிரம்பியதாகக் கையிருப்பில் இல்லாமல் இந்த வாரத்தைத் தொடங்காதீர்கள்.

போர்வை, சமுக்காளம், தலையணை உறைகளை வெயில் கண்ட அன்றே உலர்த்தி மடித்துவையுங்கள். ஆவணியில் சாரல் மறுபடி பிடித்துக்கொண்டால் தடித்த துணி மூன்று நாளானாலும் காயாது; வாடை வந்துவிடும்.

யார் வீட்டுக்கு எப்போது போவது

வருகிறவர்கள் நம் வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. ஊரில் இருக்கும் எல்லா உறவு வீட்டுக்கும் போய்த் தலைகாட்ட வேண்டும். இதற்கு ஒரு பட்டியல் எழுதாவிட்டால், கடைசி இரண்டு நாளில் ஐந்து வீட்டில் காப்பி குடித்து வயிறு கெட்டுத் திரும்புவார்கள், ஆறாவது வீட்டார் கோபித்துக்கொள்வார்கள்.

பட்டியலில் முதலிடம் துட்டி வீட்டுக்கு. போன முறை வந்துபோன பிறகு எந்த வீட்டில் சாவு நேர்ந்திருக்கிறதோ, அங்கே துட்டி கேட்டுவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போக வேண்டும். அந்த வீட்டுக்கு மட்டும் தனியாகப் போய்வருவது நல்லது. அங்கிருந்து நேரே கல்யாண வீட்டுக்கோ குழந்தை பிறந்த வீட்டுக்கோ போவதைப் பெரியவர்கள் விரும்புவதில்லை. புறப்படும்போது "போய்விட்டு வருகிறோம்" என்று சொல்லாமல் எழுந்து வருவதுதான் முறை என்பதைக் கேரளத்தில் வளர்ந்த இளையவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர்கள் அறியாமல் சொல்லிவிட்டுப் பிறகு சங்கடப்படுவார்கள்.

அடுத்தது வயதில் மூத்தவர் வீடு. படுக்கையில் இருக்கும் ஆச்சியையோ தாத்தாவையோ காலை பத்து மணிக்குமேல் பன்னிரண்டுக்குள் பார்ப்பது அவர்களுக்கும் கவனித்துக்கொள்பவர்களுக்கும் வசதி. ஒரே நேரத்தில் ஏழு பேர் அறைக்குள் நுழையாமல், இரண்டிரண்டு பேராகப் போய் அருகில் உட்கார்ந்து பேசட்டும். அதன்பின் சம்பந்தி வீடு, பிறகு அண்ணன் தம்பி வீடுகள், கடைசியில் நண்பர்கள். ஒரு நாளைக்கு இரண்டு வீடு, அதில் ஒன்றில் மட்டும் சாப்பாடு என்பதை நான் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன். மற்ற வீட்டாரிடம் "காப்பிக்கு மட்டும் வருகிறோம், மதினி, இலை போட வேண்டாம்" என்று முந்தின நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டால் அவர்கள் வீட்டு வாரமும் பிழைக்கும்.

அடுக்களை

இந்த வாரத்தின் பாதி வேலை இங்கேதான். முதலில் அரிசி. தெற்குக் கேரளத்தில் பழகிய பெரியவர்களுக்கு மட்ட அரிசி என்னும் சிவப்புப் புழுங்கலரிசி வேண்டும். பிள்ளைகளுக்கு நம் வெள்ளைச் சோறு ஒத்துப்போகும். மட்ட அரிசி வேக நம் அரிசியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு நேரம் எடுக்கும். நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடிக்க வேண்டும். இரண்டையும் ஒரே குக்கரில் அடுக்கி இறக்கலாம் என்று நினைத்தால் ஒன்று குழையும், மற்றது விறைக்கும். மதியத்துக்கு மட்டும் இரண்டு உலை வைத்து, இரவுக்குப் பொதுவாகக் கஞ்சியும் பயறும் சுட்ட அப்பளமும் என்று வைத்துக்கொண்டால், சமைப்பவருக்கு ஏழு மணிக்குமேல் உட்கார நேரம் கிடைக்கும்.

குடிதண்ணீரும் அப்படியே. அவர்கள் பதிமுகம் என்னும் மரச்சீவலோ சீரகமோ போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை வெதுவெதுப்பாகக் குடித்துப் பழகியவர்கள்; பானைத் தண்ணீரை எடுத்துக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கி, குடிக்காமல் வைத்துவிடுவார்கள். காலையில் ஒரு பெரிய பாத்திரத்தில் கொதிக்கவைத்து மூடிவைத்தால் நாள் முழுவதற்கும் ஆகும்.

குழம்பு வகைகளை எந்த வரிசையில் செய்வது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. தேங்காய் அரைத்ததும் தேங்காய்ப்பால் ஊற்றியதும் விரைவில் புளித்துப்போகும். அவியல், எரிசேரி, சொதி ஆகியவற்றை ஒருவேளைக்கு மட்டும் அளவாகச் செய்ய வேண்டும். வறுத்த தேங்காயை நன்றாக மைய அரைத்துப் புளி சேர்க்கும் தீயல் அடுத்த வேளைக்கும் தாங்கும். புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த புளிக்குழம்பு, புளிமிளகாய், இஞ்சிப்பச்சடி ஆகியவை குளிர்பெட்டியில் நாலைந்து நாள் இருக்கும். ஆகவே வந்த மறுநாள் சொதிச் சாப்பாடு, நடுவில் ஒரு நாள் அவியலோடு கூட்டாஞ்சோறு, கடைசி இரண்டு நாள் தீயலும் புளிக்குழம்பும் என்று அமைத்தால், புறப்படும் நாளில் மிஞ்சுவது எல்லாம் கெடாதவையாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைச் சமையலும் பாதி முடிந்திருக்கும். நாம் பெருமைக்காகக் கடைசி நாளில் பெரிய விருந்து வைப்பது வழக்கமாகிவிட்டது. அந்த விருந்தை வந்த மறுநாளுக்கு மாற்றுங்கள். பயணத்தன்று யாரும் வயிறார உண்பதில்லை.

மிஞ்சிய சோற்றை இரவே தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையில் பழைய சோறு. கேரளத்துப் பிள்ளைகள் அதைப் பழங்கஞ்ஞி என்று சொல்லி, நம் பிள்ளைகளைவிட ஆசையாகக் குடிப்பதை நான் கண்டிருக்கிறேன். ஒரு நாள் இரவுச் சமையலுக்கு விடுமுறை விட்டு, பிரானூர்ப் பக்கத்துப் பரோட்டாக் கடைகளில் ஒன்றுக்கு எல்லோரும் போய்வருவதையும் வாரத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் எப்படியும் கேட்கப்போகிறார்கள்.

ஊர் சுற்றல்

ஒரே ஒரு நாள், ஒரே ஓர் இடம். குற்றாலம் என்றால் குற்றாலம் மட்டும். அதோடு ஆரியங்காவுப் பக்கத்துப் பாலருவி நீர்வீழ்ச்சியையும் குளத்துப்புழைச் சாஸ்தா கோயிலையும் சேர்த்தால் எதையும் பார்த்த நிறைவு இருக்காது. அருவியில் வெள்ளம் கூடினால் குளிக்கத் தடை விதிப்பார்கள் என்பதால், புறப்படும் முன் அன்றைய நிலையை விசாரித்துக்கொள்ளுங்கள். தடை இருக்கும் நாளில் ஓரமாக நின்று குளித்துவிடலாம் என்ற யோசனைக்கு ஒருபோதும் இடம்கொடுக்காதீர்கள். மலையில் பெய்த மழை கீழே வந்து சேரும்போது எச்சரிக்கை ஏதும் இருக்காது.

இங்கே படிக்க வேண்டிய பிள்ளைகள்

உறவுப் பிள்ளைகள் விளையாடும்போது நம் பிள்ளையை மட்டும் அறைக்குள் உட்கார்த்திவைப்பது நடக்காத காரியம். நடந்தாலும் அந்தப் பிள்ளை புத்தகத்தின்மேல் கண்ணையும் முற்றத்தின்மேல் காதையும் வைத்திருக்கும். விருந்தினர் வருவதற்கு முந்தின வாரமே தேர்வுப் பாடங்களில் கடினமானவற்றை முடித்துவிட்டு, அந்த வாரத்துக்குக் காலை ஐந்தரை முதல் ஏழு வரை மட்டும் படிப்பு என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் விருந்தினர் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்கு விடுப்பு எடுக்க வேண்டுமானால் ஒரே ஒரு நாள், அதுவும் வந்துசேரும் நாளன்று எடுக்கட்டும். புறப்படும் நாளன்று எடுத்தால் அழுகைதான் மிஞ்சும். கடைசி மூன்று இரவுகளில் படுக்கும் நேரத்தை நாளுக்கு அரை மணி முன்னே கொண்டுவந்தால், பதினொன்றரைக்கு உறங்கப் பழகிய பிள்ளை பத்து மணிக்குத் திரும்பிவிடும்.

வழியனுப்பும் நாள்

மூட்டை கட்டும் வேலை வெள்ளி இரவோடு முடிய வேண்டும். கொடுத்தனுப்பச் சின்ன வெங்காயம், முருங்கைக்காய், கருப்பட்டி, இட்லிப்பொடி, கைமுறுக்கு ஆகியவை ஏற்றவை. கசியும் ஊறுகாய் பாட்டிலையும் அரைத்த மாவையும் மலைப்பாதையில் அனுப்பாதீர்கள். பிள்ளைகள் கையில் வைக்கும் காசைத் தனித்தனி உறையில் முன்பே எடுத்துவைத்தால், வாசலில் சில்லறை தேடும் தடுமாற்றம் இருக்காது. காரில் போகிறவர்களுக்கு, கேரளத்தைவிட இங்கே பெட்ரோல் விலை குறைவு என்பதை நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. அவர்களே நினைவாக நிரப்பிக்கொள்வார்கள்.

அவர்கள் ஏறும் முன் ஒருவர் மட்டும் குளியலறை, தலையணைக்கு அடி, மின் இணைப்புப் பலகை, குளிர்பெட்டிக் கதவு ஆகிய நான்கு இடங்களையும் பார்த்துவர வேண்டும். மாத்திரை, மூக்குக் கண்ணாடி, சார்ஜர், பல்செட் எல்லாம் இந்த நான்கு இடங்களில்தான் கிடக்கும். அப்படியும் விட்டுப்போனால், முதியவரின் மாத்திரையை அன்றே புனலூர் போகும் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்புங்கள். மற்றவை அடுத்த பயணத்துக்குக் காத்திருக்கலாம்.

ஞாயிறும் அதன்பின் ஐந்து நாள்களும்

ஞாயிறன்று வீடு முழுவதையும் ஒரே நாளில் பழைய நிலைக்குக் கொண்டுவர முயல வேண்டாம். மூன்று வேலை போதும்: பள்ளிச் சீருடையும் அலுவலக உடையும் துவைத்துக் காயவைப்பது, இட்லிக்கு மாவு அரைப்பது, அடுக்களை மேடையை மட்டும் முழுமையாக ஒழிப்பது. சமையல், ரசமும் பருப்புத் துவையலும் மிஞ்சிய புளிக்குழம்பும். மாலையில் ஒரு மணி நேரம் யாரும் யாரோடும் பேசாமல் இருந்தாலும் குற்றமில்லை. ஒரு வாரம் ஓயாமல் பேசிய வீட்டுக்கு அந்த அமைதி மருந்து.

போர்வைகளை நாளுக்கு இரண்டாக வெள்ளி வரை துவைத்து முடியுங்கள். மொத்தமாக நனைத்தால் கொடி போதாது, வெயிலும் போதாது. செவ்வாயன்று செலவுக் கணக்கு எழுதுங்கள். மளிகை, காய்கறி, பயணம், கையில் வைத்தது, கடையில் சாப்பிட்டது என்று ஐந்து தலைப்பில் எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு ஆனியிலிருந்தே மாதாமாதம் எவ்வளவு எடுத்துவைப்பது என்று தெரிந்துவிடும். புதன்கிழமை அவர்களுக்குத் தொலைபேசுங்கள். சனிக்கிழமை "வந்து சேர்ந்தோம்" என்று சொன்னதோடு விட்டுவிட்டால், வழியனுப்பியதும் மறந்துவிட்டார்கள் என்று அத்தான் வீட்டில் ஒரு பேச்சு எழும்.

மலைக்கு அந்தப் பக்கம் திரும்புபவர்களுக்கும் சில வேலைகள் உண்டு. ஆறேழு நாள் பூட்டிய வீட்டில் ஈரக்காற்று அடைந்து, தோல் செருப்பிலும் மர அலமாரியிலும் பூஞ்சை படிந்திருக்கும். நுழைந்ததும் சன்னல்களைத் திறந்து, காய்ந்த துணியால் துடைத்த பிறகே பெட்டியைப் பிரியுங்கள். கொண்டுவந்த சின்ன வெங்காயத்தைப் பையிலேயே விடாமல் முறத்தில் பரப்புங்கள். முதல் இரவுக்கு வேண்டிய அரிசியையும் பயற்றையும் புறப்படும் முன்பே அளந்து தனியே வைத்துவிட்டுப் போயிருந்தால், களைப்போடு கடைக்கு ஓட வேண்டியதில்லை.

இங்கே கடைசியாக மிஞ்சுவது, அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய அண்டா, பாய், நாற்காலி. அவற்றை அடுத்த ஞாயிறுக்குள் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாத்திரத்தை வெறுமையாகக் கொடுக்கும் வழக்கம் நமக்கு இல்லை. அவர்கள் கொண்டுவந்த நேந்திரங்காய் உப்பேரியிலும் சர்க்கரை வரட்டியிலும் இரண்டு கை அள்ளி அண்டாவுக்குள் வைத்துக் கொடுக்கலாம். அதற்காகவே, பிள்ளைகள் கண்ணில் படாத உயரத்தில் ஒரு பொட்டலத்தை முதல் நாளே எடுத்து ஒளித்துவையுங்கள்.